ரோசாக் ஆனது எது?

போன ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வட்டாரத்துத் தமிழர் அமைப்பு ஒன்றின் அலுவலகத்துக்கு, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரப் போயிருந்தேன். கடைவீட்டின் மாடியில் அலுவலகம். கீழே அஞ்சடியில் பதினொரு கணினிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் தாள். அதில் மார்க்கர் பேனாவால் ‘ரோசாக்’ என்று எழுதியிருந்தது. பழைய இரும்புக்காரர் லாரியோடு வரப்போகிறார் என்றார்கள்.

இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பெட்டியை உள்ளே தூக்கிப்போய் மின்கம்பியைச் செருகி அழுத்தினேன். அரை நிமிடத்தில் விண்டோஸ் 10 வந்துவிட்டது. இரண்டாவது பெட்டியும் வந்தது. மூன்றாவதும் வந்தது. செயலாளரிடம் கேட்டேன்.

“அண்ணே, இதெல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும் தம்பி. ஆனா சப்போர்ட் முடிஞ்சி போச்சாம். லெவன் ஏறாதாம். கடைக்காரன் வந்து பாத்துட்டு எல்லாமே ரோசாக்னு சொல்லிட்டான். புதுசுக்குக் கொட்டேஷன் குடுத்துருக்கான்.”

‘ரோசாக்’ நம் வீடுகளில் தமிழாகி வெகுகாலம் ஆகிறது. மின்விசிறி சுற்றாவிட்டால் ரோசாக். மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால் ரோசாக். சுற்றிக்கொண்டிருக்கிற விசிறியை யாரும் ரோசாக் என்று சொல்ல மாட்டோம். கணினி விஷயத்தில் மட்டும், மென்பொருள் விற்றவன் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் ஓடுகிற பொருளுக்கும் மஞ்சள் தாள் ஒட்டிவிடுகிறோம். இதைத்தான் எதிர்க்கிறேன். ஒரு கணினியின் ஆயுளை அதன் சொந்தக்காரர் தீர்மானிக்க வேண்டும். ‘ஆதரவு இல்லை’ என்று சொல்லப்பட்ட பெட்டியில் புதிய இயங்குதளத்தை ஏற்றுவதும், புதிய பெட்டிக்குள் ஆதரவு நின்றுபோன பழைய இயங்குதளத்தை ஓட்டுவதும் அந்த உரிமையில் அடங்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பெட்டியைப் பார்ப்போம்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அன்றிரவு அதனால் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. நின்றது இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். தனிநபர்களுக்கு இன்னும் ஒரு வருட நீட்டிப்பும் உண்டு. அதன் விலை 30 அமெரிக்க டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அவர்களிடம் சேமித்து வைத்தால் அதுவும் வேண்டாம். கொட்டேஷன் கொடுக்கிற கடைக்காரர் இதையெல்லாம் சொல்வாரா? சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது.

2021 அக்டோபர் 5இல் வெளிவந்த விண்டோஸ் 11 கேட்பவை இவை: 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கருக்கள் கொண்ட 64 பிட் புராசசர். பத்து வருடப் பழைய கணினிகளிலேயே இது தாராளமாக இருக்கும். பிறகு வருகின்றன இரண்டு நிபந்தனைகள். டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். புராசசர் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அந்த வருடத் தொடக்கத்தில் புத்தம் புதிதாக ஒரு கணினி வாங்கியவருக்கு, நான்கே வருடத்தில் ‘உன் பெட்டி ஆகாது’ என்று பதில் வந்தது.

பட்டியலின் யோக்கியதைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்பது மைக்ரோசாப்டே 2018இல் வெளியிட்ட விலையுயர்ந்த கணினி. அதன் புராசசர் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது அதை இன்னும் விற்றுக்கொண்டிருந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? 2021 ஆகஸ்டில் பட்டியலைத் திருத்தி, ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த அந்தப் புராசசரைக் குறிப்பிட்ட சில கணினிகளுக்கு மட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அதே தலைமுறையில் நம் வீட்டுப் பிள்ளைகள் வைத்திருந்த மலிவான புராசசர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11ஐ ஏற்ற, ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை எப்படிச் சேர்ப்பது என்று மைக்ரோசாப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. ‘பாதிப்புக்கு நீயே பொறுப்பு’ என்ற எச்சரிக்கையோடு. பிறகு அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் என்ற சிறு இலவச மென்பொருள் இன்றும் இந்தச் சோதனைகளைத் தாண்டும் நிறுவல் யுஎஸ்பியைச் செய்து கொடுக்கிறது. மெய்நிகர் கணினியில் கூத்து இன்னும் பெரிது. 2022இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0, டிபிஎம் சில்லையே மென்பொருளால் செய்து காட்டுகிறது. நிறுவும்போது விண்டோஸ் ‘சில்லு இருக்கா?’ என்று கேட்கும். வட்டில் வெறும் தரவாக இருக்கிற அந்தச் சில்லு ‘இருக்கேன்’ என்று சொல்லும். வேலை நடக்கும்.

நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது லோ யாட்டில் 650 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். ஆறாம் தலைமுறை ஐ5. என் இறுதியாண்டுத் திட்டம் அதில்தான் முடிந்தது. இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்படுகிறது. இரண்டு வருடமாக விண்டோஸ் 11தான் ஓடுகிறது. மாதாந்தரத் திருத்தங்கள் தானாக வருகின்றன. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பை மட்டும் நானே உட்கார்ந்து ஏற்ற வேண்டும். ஒரு மாலைப்பொழுது போகும்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. டிபிஎம் சில்லு, வட்டைப் பூட்டும் சாவியைத் தனியாகப் பாதுகாக்கிறது. புதிய புராசசர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியை அரண் கட்டிக் காக்கும் வேலையை வன்பொருளிலேயே செய்கின்றன. பழையதில் அதையே செய்தால் வேகம் குறையும். பட்டியலில் இல்லாத கணினிகளில் மையப் பகுதி செயலிழப்பு 52 விழுக்காடு அதிகம் என்று மைக்ரோசாப்ட் 2021இல் சொன்னது. கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தகுதியுள்ள கணினிகளில் 99.8 விழுக்காடு முடக்கமில்லாத அனுபவம் என்றும் அதே அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 0.2 ஒன்றரை மடங்கானால் 0.3. அதற்காக ஒரு பெட்டியை இரும்புக்கடைக்கு அனுப்புவதா?

உண்மையான எல்லையும் ஒன்று உண்டு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் என்ற கட்டளையைப் புராசசர் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. 2008 வாக்கில் வந்த இன்டெல் புராசசர்களுக்கு முந்தியவற்றுக்கு அது தெரியாது. எந்தக் குறுக்குவழியும் அங்கே பலிக்காது. இதை ‘முடியாது’ என்று ஏற்றுக்கொள்வேன். மற்றது ‘விடமாட்டேன்’. முடியாது என்பதற்கும் விடமாட்டேன் என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் பதினொரு பெட்டிகளைத் தெருவில் வைத்தோம்.

உலகம் முழுவதும் இப்படி 240 மில்லியன் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று 2023 டிசம்பரில் கெனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. எனக்கு அந்தப் பெரிய எண்ணைவிட 2020தான் நினைவுக்கு வருகிறது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. எங்கள் அடுக்குமாடியில் ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்தார்கள். அன்றைக்கு ‘பழசா இருந்தாலும் பரவால்ல, ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா’ என்று நான்கு வீட்டில் என்னிடம் கேட்டார்கள். அஞ்சடியில் நான் பார்த்தது அந்தப் பழசுதான்.

சரி, இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பணத்தையும் குப்பையையும் பற்றி மட்டும் என்றால் வேறெங்காவது எழுதியிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அக்கா கூப்பிட்டார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து சில வருடம் சொந்தக் காசில் ஒரு சிற்றிதழ் நடத்தியவர். நான் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

“அப்பா பொட்டி ஒன்னு இருக்குப்பா. கடையில குடுத்தேன், இத இப்ப யாரும் தொறக்க முடியாதுன்னுட்டாங்க. போட்றவா? ஒனக்கு வேணுன்னா எடுத்துக்க.”

பெட்டி உண்மையிலேயே ரோசாக்தான். மின்சாரம் ஏறவில்லை. ஆனால் வட்டு சுழன்றது. 40 ஜிபி. பழைய ஐடிஇ வட்டை யுஎஸ்பியில் மாட்டும் ஒரு சாமானை வாங்கி, வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர். அதில் இதழ் இதழாகக் கோப்புகள். என் மடிக்கணினியில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் சிதறிக்கிடந்தன. அந்தக் குப்பைதான் தமிழ் என்று எனக்குத் தெரிந்தது. இருபது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

நம் எழுத்து கணினிக்குள் போன வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெரிய இடம் உண்டு. இங்கே முத்து நெடுமாறனின் முரசு. அங்கே சிறுகதை எழுத்தாளரான நா. கோவிந்தசாமியின் கணியன். யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000தான் அதை ஏற்றுக்கொண்ட முதல் விண்டோஸ். பேஜ்மேக்கர் கடைசிவரை யூனிகோடை அறியவில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறியீடுகளும் உட்காரும் இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். எந்த இடத்தில் எது என்பதில் ஆளுக்கொரு முறை. டிஸ்கி, டாப், டாம் என்று பொதுத்தரங்கள் வந்தன. தனித்தனி எழுத்துருக்களும் ஓடிக்கொண்டிருந்தன. கோப்பு தனியாக இருந்து பயனில்லை. அந்த எழுத்துரு, அந்த மென்பொருள், அதைத் தாங்கும் இயங்குதளம் மூன்றும் வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது. அடுத்து வந்தவை திறப்பதில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே ஆதரவு நின்றுவிட்டது. எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது.

மெய்நிகர் கணினி என்றால் பலர் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். கணினிக்குள் ஒரு மென்பொருள், இன்னொரு கணினியைப் போல நடிக்கிறது. அவ்வளவுதான். 512 எம்பி நினைவகம் கொடுத்தேன். எக்ஸ்பிக்கு அது போதும். இணையத்தைத் துண்டித்தேன். இதில் மட்டும் விளையாடக் கூடாது. எக்ஸ்பியை இணையத்தில் திறந்துவைப்பது வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போவது. முதல் மூன்று முறை நீலத்திரை. வட்டை எந்தக் கட்டுப்படுத்தி வழியாக மாட்டுவது என்பதை மாற்றிய பிறகு நான்காம் முறை கிளம்பியது. வாத்தியாரின் முகப்புத்திரை வந்தது. அதில் அவர் பேரப்பிள்ளையின் படம்.

உடனே ஓர் அறிவிப்பு: வன்பொருள் மாறியிருக்கிறது, மூன்று நாளுக்குள் மீண்டும் பதிவு செய்க. வாத்தியார் வாங்கிய உரிமம் அந்தப் பழைய பெட்டியோடு கட்டப்பட்டது. பெட்டி செத்தால் உரிமமும் சாகும். நான் செய்ததைச் சட்டம் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டால், ஒப்புக்கொள்ளாது என்றே நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில், தன் காசில் நடத்திய இதழை, இறந்தவரின் மகள் சம்மதத்தோடு திறப்பதற்கு மூன்று நாள் தவணை. இரண்டு நாள் விடுப்பு போட்டு எல்லாவற்றையும் எடுத்தேன்.

‘அச்சில் வந்த இதழ் இருக்குமே, அதை ஸ்கேன் பண்ணினால் போதாதா?’ என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு கதையைப் பார்க்கும்வரை.

பேஜ்மேக்கரில் பக்கத்தைச் சுற்றி வெற்றிடம் இருக்கும். வடிவமைப்பவர் தேவைப்படாத துண்டுகளை அங்கே இழுத்துப் போட்டு வைப்பார். அது அச்சாகாது, கோப்பில் மட்டும் இருக்கும். 1999ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் தோட்டம் துண்டாடப்படுவதைப் பற்றிய ஒரு சிறுகதை. அச்சில், சாமான் ஏற்றிய லாரி கோயிலைத் தாண்டிப் போவதோடு கதை முடிகிறது. நான் பள்ளியில் படித்த பழைய பிரதியிலும் அப்படித்தான். கோப்பில் பக்கத்துக்கு வெளியே இன்னும் இரண்டு பத்திகள் கிடந்தன. ஆறுதல் சொல்ல வந்த தலைவர், எழும்பப்போகிற கடைவீடுகளில் தனக்கு ஒதுக்கப்பட்டதை மனைவியோடு போய்ப் பார்த்து வருகிறார். அங்கேதான் கதையின் உண்மையான முடிவு.

இடம் போதாமல் எடுத்தாரா? பயந்து எடுத்தாரா? எழுதியவர் சம்மதித்தாரா? வாத்தியாரைக் கேட்க இனி வழியில்லை. ஆனால் கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே அந்த எக்ஸ்பி ஓடியதால்தான் தெரிந்தது. அந்தக் கதையை ‘மென்மையான துயரம்’ என்று பாராட்டி எழுதியவர்கள் இருக்கிறார்கள். நானும் நண்பர்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் பாராட்டியது வெட்டப்பட்ட கதையை.

இப்போது என் கோபம் மைக்ரோசாப்டிடமிருந்து நம் பக்கம் திரும்புகிறது. நிறுவனம் விற்கத்தான் பார்க்கும். நாம் என்ன செய்கிறோம்? ‘மலேசிய இலக்கியத்துக்கு ஆவணம் இல்லை’ என்று மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, சாப்பாடு போட்டுக் கருத்தரங்கம் நடத்துகிறோம். அதே வாரத்தில் வட்டைக் கழற்றாமல் கணினியை இரும்புக்கடைக்கு அனுப்புகிறோம். எழுத்தாளர் இறந்தால் புத்தக அலமாரியைப் பற்றி விசாரிக்கிறோம். அவர் தட்டச்சு செய்த பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைப் போன்ற பொறியாளர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. புதுக் கைத்தொலைபேசி பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். பழைய பெட்டியை ஓட்டுகிறவனைக் கஞ்சன் என்போம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. எந்தக் கணினியைத் தூக்கி எறியும் முன்பும் வட்டை முழுதாகப் பிரதி எடுங்கள். கோப்புகளை மட்டும் பொறுக்கினால் போதாது. எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து வர வேண்டும். இணையமில்லாத மெய்நிகர் கணினியில் அதை ஓட்டி, பார்த்தது பார்த்தபடி பிடிஎஃப் எடுங்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் பழைய பிரதியை அழித்துவிடாதீர்கள். மாற்றியது சரியா என்று பார்க்க அதுதான் சாட்சி. ஓடுகிற பெட்டியில் விண்டோஸ் 11 ஏற்ற மனமில்லையா, லினக்ஸ் மின்ட் போடுங்கள். காசு இல்லை, திருத்தங்கள் வருகின்றன, தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம்.

அஞ்சடிக் கணினிகளுக்கு வருகிறேன். லாரி வருவதற்குள் செயலாளரிடம் பேசிப் பதினொன்றையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நிஜமாகவே பழுது. ஒன்பது ஓடுகின்றன. எறியும் முன் பிரதி எடு என்று ஊருக்குச் சொல்கிறவன் தானும் செய்ய வேண்டும் அல்லவா, ஒவ்வொரு வட்டாக எடுத்தேன். ஆறாவது பெட்டியில் ‘பழசு’ என்றொரு கோப்புறை. அதற்கும் முந்திய ஏதோ ஒரு கணினியிலிருந்து யாரோ அள்ளிப் போட்டது. உள்ளே அந்த அமைப்பின் எட்டு வருட ஆண்டுமலர்கள், பேஜ்மேக்கர் கோப்புகளாக. அச்சுப் பிரதிகள் வெள்ளத்தில் போய்விட்டதாகப் போன பொதுக்கூட்டத்தில்தான் அறிவித்திருந்தார்கள்.

செயலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அதுலயா இருந்துச்சி?” என்றார்.